தள்ளி நிற்கும் படகைத் தேடி: மிரிஸ்ஸா பயணக் குறிப்புகள்

சனிக்கிழமை, செம்பூர்

டிசம்பர் கடைசியில் பேரனுக்குப் பள்ளி விடுமுறை. திமிங்கலம் பார்க்க வேண்டும் என்று அவன் வெகுநாட்களாகக் கேட்டுக்கொண்டிருப்பதால், மகள், மாப்பிள்ளை, பேரன், நான், என் மனைவி எல்லோருமாக இலங்கைக்குப் போவதென்று முடிவாகியிருக்கிறது. எந்த ஊர், எந்தப் படகு என்று தேர்ந்தெடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். மும்பை பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கப்பல் ஏறி எங்கும் போனதில்லை என்றாலும், எந்தக் கப்பல் எந்தத் தடத்தில் எப்போது போகும் என்ற கணக்கிலேயே என் பணிக்காலம் கழிந்தது. அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் குறிப்புகளையும் அன்றன்றைக்கு எழுதி வெளியிடுகிறேன்.

மும்பையில் இருந்துகொண்டு திமிங்கலத்துக்காக வேறு நாட்டுக்குப் போகத்தான் வேண்டுமா என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. அரபிக்கடலில் திமிங்கலங்கள் உண்டு. 2016 ஜனவரியில் ஜுஹு கடற்கரையில் ஒரு பிரைட்ஸ் திமிங்கலம் இறந்து ஒதுங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ஜூன் மாதம், அலிபாகை அடுத்த ரேவ்தண்டாவில் ஒரு நீலத் திமிங்கலம் உயிருடன் கரைதட்டியது. அதை மீண்டும் கடலுக்குள் அனுப்ப எடுத்த முயற்சிகள் பலிக்கவில்லை. ஓமான் கடலில் 2017 நவம்பரில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட லுபான் என்னும் பெண் கூனல் முதுகுத் திமிங்கலம், அரபிக்கடலைக் குறுக்கே கடந்து இந்தியாவின் தென்முனை வரை வந்து திரும்பியிருக்கிறது. ஆனாலும் மும்பையிலிருந்து காலையில் படகேறி, திமிங்கலம் பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப முடியாது. நம் கரைக்கு எதிரே கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய கடலடித் தரை, ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வரை ஆழமில்லாமல் நீண்டு கிடக்கிறது. கரையிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மும்பை ஹை எண்ணெய்க் கிணறுகளில்கூடக் கடலின் ஆழம் சுமார் 75 மீட்டர்தான். இலங்கையின் தென்முனையான தெவிநுவரைக்கு எதிரே அதே கண்டத்திட்டு மிகவும் குறுகி, கரையிலிருந்து சில கிலோமீட்டரிலேயே பெரிய திமிங்கலங்கள் நடமாடும் ஆழ்கடல் தொடங்கிவிடுகிறது. பெரிய திமிங்கலங்களை ஒரு காலைப்பொழுதில் போய்ப் பார்த்துவர முடிகிற இடங்கள் உலகில் குறைவு. அவற்றுள் ஒன்று நமக்கு இவ்வளவு அருகில் இருக்கிறது.

இலங்கையிலும் இதற்கு மூன்று இடங்கள் உண்டு. தெற்கே மிரிஸ்ஸாவும் வடமேற்கே கற்பிட்டியும் நவம்பர் முதல் ஏப்ரல் வரைக்குமானவை. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் அந்தக் கடல்கள் கொந்தளிக்கும். அப்போது கிழக்கே திருகோணமலை அமைதியாகிவிடும். ஆகவே ஊரைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நாட்காட்டியின் வேலை. கற்பிட்டியில் டால்பின் கூட்டங்களும் எண்ணெய்த் திமிங்கலங்களும் (ஸ்பெர்ம் வேல்) பெயர்பெற்றவை. பேரன் கேட்பதோ நீலத் திமிங்கலம். டிசம்பரில் அதற்கு மிரிஸ்ஸாதான்.

செவ்வாய்க்கிழமை, செம்பூர்

ஊர் எளிதாக முடிவாகிவிட்டது. படகு அப்படி முடிவாகவில்லை. மிரிஸ்ஸாவில் பார்வையாளர்களை ஏற்றிச் செல்லும் படகுகள் ஏராளம். விலையும் விளம்பரமும் ஒன்றையொன்று முந்துகின்றன. நான் சில படகுக்காரர்களுக்கு வாட்ஸாப்பில் ஒரே கேள்விகளை எழுதி அனுப்பினேன். திமிங்கலத்துக்கு எவ்வளவு தூரத்தில் படகை நிறுத்துவீர்கள்? அது விலகிப் போனால் பின்னால் போவீர்களா? ஏற்கெனவே வேறு படகுகள் சூழ்ந்திருந்தால் என்ன செய்வீர்கள்? திமிங்கலமே கண்ணில் படாவிட்டால் எங்களுக்கு என்ன? பத்து வயதுப் பையனுக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கு எல்லோரும் ஆம் என்றார்கள். மற்றவற்றுக்கு வந்த பதில்களில்தான் ஒருவருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாடு தெரிந்தது. ஒருவர், கைநீட்டினால் தொடலாம் என்று எழுதி, படகின் முனைக்கு நேர்கீழே வால் எழும்பும் படம் ஒன்றையும் அனுப்பினார். இன்னொருவர், கூடுதல் பணம் தந்தால் தண்ணீரில் இறக்கிவிடவும் ஏற்பாடு செய்யலாம் என்றார். வேறொருவர், எங்கள் படகு எல்லாவற்றையும்விட வேகமானது, எங்களுக்கு முன்னால் யாரும் போய்ச் சேர முடியாது என்று பெருமையாகச் சொன்னார். ஒரே ஒருவரிடமிருந்துதான் நிதானமான பதில் வந்தது: 100 மீட்டருக்குள் போகமாட்டோம், கூட்டம் இருந்தால் வேறு இடம் தேடுவோம், எதுவும் கண்ணில் படாவிட்டால் இன்னொரு நாள் கட்டணமின்றி வரலாம்.

மகளுக்கு இதில் வருத்தம். "இவ்வளவு செலவு பண்ணிப் போறோம், குழந்தை கிட்டப் போய்ப் பார்க்க வேண்டாமா அப்பா? நூறு மீட்டர்னா ஒண்ணுமே தெரியாதே!" என்றாள். 100 மீட்டர் எவ்வளவு என்று அவளுக்கு விளங்கச் சொல்ல, செம்பூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தையே எடுத்துக்கொண்டேன். லோக்கல் ரயிலின் ஐந்து பெட்டிகளின் நீளம் 100 மீட்டரைச் சற்றே தாண்டும். அந்தத் தூரத்தில் நிற்கிற ஒற்றைப் பெட்டியை நாம் காணாமல் விடுவதில்லை. இலங்கைக் கடலில் வாழும் நீலத் திமிங்கலம் சிறிய வகையைச் சேர்ந்தது என்றாலும், நன்கு வளர்ந்ததன் நீளம் ஒரு பெட்டியின் நீளத்தைத் தாண்டும். அது விடும் மூச்சே 9 மீட்டருக்கு மேல் எழும்பும்.

இந்த 100 மீட்டர் படகுக்காரர் தம் விருப்பத்தில் சொன்னதும் அன்று. கடற்பாலூட்டிகளைப் பார்வையிடுவதற்கென்று இலங்கை அரசு 2012-இல் விதிகள் கொண்டுவந்திருக்கிறது. வனஜீவராசிகள் திணைக்களம் அதற்குப் பொறுப்பு. விதிக்குப் பின்னால் இருக்கும் காரணத்தையும் மகளிடம் சொன்னேன். நீலத் திமிங்கலம் ஆழத்தில் இரை தேடிவிட்டு மேலே வருவது மூச்சுக்காக. சில நிமிடங்களில் பலமுறை மூச்சு விட்டு, உடலில் ஆக்சிஜனை நிரப்பிக்கொண்ட பிறகுதான் அடுத்த முறை ஆழத்துக்குப் போகிறது. அந்த இடைவேளையில் படகு நெருங்கினால், போதிய மூச்சில்லாமலே அமிழ்ந்துவிடும். அதனால் இரை தேடும் நேரமும் குறையும். ஒருநாள், ஒரு படகு என்றால் தாங்கிக்கொள்ளும். பருவம் முழுவதும், காலை தவறாமல், பல படகுகள் என்றால் அதன் உணவிலேயே நாம் கைவைக்கிறோம்.

மகள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கிடைக்காட்டி மறுநாள் இலவசம்னு சொன்னாரே, அவரையே பாருங்கப்பா" என்றாள். அவள் சொன்னது எனக்கு மிகவும் சரியாகப் பட்டது. கட்டாயம் காட்டுவேன், கிட்டத்தில் காட்டுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்ட படகோட்டி, அதைக் காப்பாற்றத் துரத்தியே ஆக வேண்டும். காணாவிட்டால் மறுநாள் வாருங்கள் என்பவருக்கு அந்த நெருக்கடி இல்லை.

வியாழக்கிழமை, வெலிகம

கொழும்பில் ஓர் இரவு தங்கிவிட்டு, காலையில் கோட்டை நிலையத்தில் மாத்தறை ரயிலைப் பிடித்தோம். பாதை பெரும்பகுதி கடலோரமாகவே போகிறது. சன்னல் இருக்கை கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். வெலிகமவில் இறங்கி, த்ரீவீலரில் விடுதிக்கு வந்து சேர்ந்தோம். மிரிஸ்ஸா இங்கிருந்து சில கிலோமீட்டர்தான்.

வெலிகமவில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் நிறைய வாழ்கிறார்கள். மாலையில் தேநீர்க் கடை ஒன்றில் நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டுக் கடைக்காரர் தாமாகவே பேச்சுக் கொடுத்தார். என் வயதுதான் இருக்கும். மும்பையிலிருந்து திமிங்கலம் பார்க்க வந்திருக்கிறோம் என்றதும், எந்தப் படகு என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. "கிட்டப் போறமெண்டு சொல்ற போட்டுக்கு மட்டும் போக வாணாம்" என்றார். அவருடைய உறவினர் ஒருவர் முன்பு மீன்பிடித்துவிட்டு இப்போது பார்வையாளர் படகில் வேலை செய்கிறாராம். ஒரு படகு நெருங்கினால், பணம் கொடுத்தவர்கள் மற்றப் படகுகளிலும் சத்தம் போடுகிறார்கள். அப்புறம் எல்லாரும் நெருங்குகிறார்கள் என்று அவர் சொன்னதை நான் மனத்தில் குறித்துக்கொண்டேன். குற்றம் படகோட்டியிடம் மட்டும் இல்லை. என்ன கேட்டுப் பணம் கொடுக்கிறோமோ அதைத்தான் அவர்கள் விற்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை, மிரிஸ்ஸா துறைமுகம்

பணம் கட்டுவதற்கு முன் ஒருநாளை இதற்கென்றே ஒதுக்கியிருந்தேன். விடுமுறையில் ஒருநாள் வீணாகிறதே என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் அவரும் உடன் வந்தார். காலைப் படகுகள் மதியத்துக்குள் கரைக்குத் திரும்பிவிடும். அந்த நேரத்தில் துறைமுகத்தில் நின்று, இறங்கி வருகிறவர்களிடம் பேசினால், எந்த விளம்பரத்திலும் இல்லாத செய்தி கிடைக்கும்.

திமிங்கலம் பார்த்தீர்களா என்று நாங்கள் கேட்கவில்லை. அது அன்றைய கடலைப் பொறுத்தது. திமிங்கலம் தெரிந்ததும் படகோட்டி என்ன செய்தார் என்று கேட்டோம். ஒரு படகிலிருந்து இறங்கிய குடும்பம், நாலாபக்கமும் ஓட்டிக்கொண்டே இருந்தார்கள், வாலைத் தவிர எதையும் சரியாகப் பார்க்கவில்லை என்றது. நான் எழுதிக் கேட்டிருந்த படகிலிருந்து இறங்கிய வெளிநாட்டுப் பெண்மணி, இன்ஜின் ஓசை அடங்கியதும் மூச்சு விடும் சத்தம் காதில் கேட்டது என்றார். அதற்குப் பிறகு எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

படகையும் பார்த்தோம். இரண்டு தளம் உள்ளது. மேல்தளத்தில் பார்வை வெகுதூரம் எட்டும். ஆட்டமும் அங்கேதான் அதிகம். கேட்வேயிலிருந்து மாண்ட்வா போகும் படகிலேயே என் மனைவிக்குத் தலை சுற்றும் என்பதால், கீழ்த்தளத்தில் நடுப்பகுதியில் அவளுக்கு இடம் கேட்டு வாங்கினேன். லைஃப் ஜாக்கெட்டைப் பையனுக்கு அங்கேயே போட்டுப் பார்த்தோம். பயணிகளின் பெயர்ப் பட்டியல் எழுதுகிறார்களா, கரையோடு பேச வானொலிக் கருவி இருக்கிறதா என்பதையும் கேட்டுக்கொண்டோம். விலை மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல்தான்.

சனிக்கிழமை, கடலில்

காற்று கிளம்புவதற்கு முன் கடல் அமைதியாக இருக்கும் என்பதால் படகுகள் காலை ஆறரை மணியளவில் புறப்படுகின்றன. மாத்திரையை விடுதியிலேயே போட்டுக்கொண்டு, இட்லி தோசை எதையும் நினைக்காமல் இரண்டு பிஸ்கட் மட்டும் சாப்பிட்டு வந்திருந்தோம். துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் ஸ்பின்னர் டால்பின்கள் ஒரு கூட்டமாக எதிர்ப்பட்டன. தண்ணீரிலிருந்து எழும்பிச் சுழன்று விழுந்தன. பேரன் அப்போதே திருப்தியாகிவிட்டான்.

மேலும் ஒரு மணிநேரம் தெற்கே போனபின் அடிவானத்தில் கப்பல்கள் வரிசையாகத் தெரியத் தொடங்கின. தெவிநுவரைக்கு வெளியே போகும் இந்தத் தடத்தை என் மேசையில் இருந்த படத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வளைகுடாவிலிருந்தும் சூயஸிலிருந்தும் மலாக்கா நோக்கிப் போகிறவை, அங்கிருந்து வருகிறவை எல்லாம் இந்த முனையைச் சுற்றியே போகின்றன. உலகின் மிக நெரிசலான கடற்பாதைகளில் இதுவும் ஒன்று. தளம் முழுக்கப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு ஒரு கன்டெய்னர் கப்பல் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அதைச் சுட்டிக்காட்டி மாப்பிள்ளையிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதுதான், அதற்கும் எங்களுக்கும் இடையில் கடலிலிருந்து நேராக ஒரு வெண்ணிறத் தூண் எழுந்தது.

படகில் வழிகாட்டியாக இருந்த இளைஞர், உயரமாக நேரே எழுந்தால் நீலத் திமிங்கலம், முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து எழுந்தால் எண்ணெய்த் திமிங்கலம் என்று முன்பே சொல்லியிருந்தார். பேரன்தான் முதலில் கத்தினான். படகோட்டி வேகத்தைக் குறைத்து, திமிங்கலம் போகும் திசைக்கு இணையாகப் படகைத் திருப்பி, பக்கவாட்டில் நன்றாகத் தள்ளி வைத்துக்கொண்டு, இன்ஜினை நியூட்ரலில் போட்டார். முன்னால் போய் வழிமறிக்கவும் இல்லை, பின்னால் போய்த் துரத்தவும் இல்லை. சாம்பல் கலந்த நீல முதுகு நீண்டு, நீண்டு, முடிவே இல்லாததுபோல் தண்ணீரைக் கடந்து போனது; அதன் கோடியில் மிகச் சிறிய துடுப்பு ஒன்று தெரிந்து மறைந்தது. மறுபடி மூச்சு. அதன் ஓசை காற்றைப் பிளந்து வந்தது. என் மனைவி கீழ்த்தளத்தில் எழுந்து நின்று கைகூப்பிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஏழெட்டுப் படகுகள் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்று நேரே முன்னால் குறுக்கிட்டது. அதிலிருந்தவர்களின் ஆரவாரம் எங்களுக்குக் கேட்டது. திமிங்கலம் இன்னொரு முறை மூச்சு விடவில்லை. வாலைக்கூட உயர்த்தாமல் அப்படியே அமிழ்ந்துவிட்டது. எங்கள் படகில் சிலர், நாமும் அருகே போயிருந்தால் இன்னும் பார்த்திருக்கலாமே என்று முணுமுணுத்தார்கள். படகோட்டி எதுவும் சொல்லாமல் படகைத் திருப்பி, கூட்டத்தை விட்டுக் கிழக்கே கூட்டிப் போனார். எனக்கு அவர்மேல் ஏற்பட்ட மரியாதையைச் சொல்லி முடியாது. அருகே போவது அவருக்கு எளிது. அன்றைக்கு அவருக்குக் கிடைக்கக்கூடிய அன்பளிப்பும் அதில்தான் இருந்தது.

அரைமணிக்கும் மேலாகக் காத்திருந்தோம். நீலத் திமிங்கலம் ஒருமுறை மூழ்கினால் மேலே வரப் பத்து நிமிடமோ அதற்கு மேலோ ஆகும். காத்திருக்கத் தெரிந்த படகுக்குத்தான் அடுத்த மூச்சு கிடைக்கிறது. இந்த முறை வேறு படகு எதுவும் அருகில் இல்லை. அது மேலே வந்து, அவசரமில்லாமல் பலமுறை மூச்சு விட்டு, முதுகை வளைத்து, அகன்ற வாலை முழுமையாக மேலே தூக்கி, செங்குத்தாக இறங்கியது. தண்ணீர் வாலின் இரு விளிம்புகளிலிருந்தும் வழிந்து விழுந்ததை 100 மீட்டருக்கு அப்பாலிருந்து ஒவ்வொரு தாரையாகப் பார்த்தோம்.

சனிக்கிழமை இரவு, வெலிகம

உறக்கம் வரவில்லை, கப்பல்களைப் பற்றியும் எழுதிவிடுகிறேன்.

இந்தத் திமிங்கலங்கள் பருவம் மாறினால் தென்துருவக் கடலுக்குப் போய்விடுகிறவை என்று ஒருகாலத்தில் எண்ணப்பட்டது. இலங்கையின் கடல் உயிரியலாளர் ஆஷா டி வோஸ் 2003-இல் இங்கே நீலத் திமிங்கலங்களின் சிவந்த கழிவு கடலில் மிதப்பதைக் கண்டார். கழிவு இருக்கிறது என்றால் இந்த வெப்பக் கடலிலேயே அவை இரை தின்கின்றன என்று பொருள். வட இந்தியப் பெருங்கடலின் நீலத் திமிங்கலங்கள் துருவத்துக்குப் போகாமல் ஆண்டு முழுவதும் இந்தக் கடல்களிலேயே வாழ்கின்றன என்பதை அவருடைய பணி உலகுக்குக் காட்டியது. அவை தப்பிப் போக வேறு கடல் இல்லை. 1979-இல் சர்வதேசத் திமிங்கல ஆணையம் இந்தியப் பெருங்கடலைத் திமிங்கலச் சரணாலயமாக அறிவித்ததால் வேட்டைக்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கிடைத்தது. சரக்குக் கப்பலிடமிருந்து அந்த அறிவிப்பால் காப்பாற்ற முடியாது.

2012 மார்ச்சில் ஒரு கப்பல் தன் முகப்பில் இறந்த நீலத் திமிங்கலம் ஒன்றைச் சுமந்தபடியே கொழும்புத் துறைமுகத்துக்குள் வந்தது. மாலுமிகளுக்கு மோதியதே தெரிந்திருக்காது. அவ்வளவு பெரிய கப்பலில் அது உணரப்படுவதில்லை. இவ்வளவு பெரிய உயிர் ஏன் விலகிப் போகக்கூடாது என்று பேரன் கேட்டான். கலிபோர்னியக் கடலில் நடந்த ஆய்வில், கப்பல் நெருங்கும்போது நீலத் திமிங்கலங்கள் பக்கவாட்டில் விலகவில்லை, மெதுவாக மேலோட்டமாக அமிழ மட்டுமே செய்தன என்று கண்டறிந்திருக்கிறார்கள். அவற்றின் நெடுங்கால வாழ்வில் கப்பலைப் போன்ற ஆபத்து எதுவும் இருந்ததில்லை.

தடத்தைச் சில கடல் மைல் தெற்கே நகர்த்தினால், திமிங்கலங்கள் செறிந்திருக்கும் பகுதியை விட்டுக் கப்பல்கள் விலகிவிடும் என்று ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். உலகின் மிகப் பெரிய கன்டெய்னர் கப்பல் நிறுவனமான எம்எஸ்சி, 2022-இல் தானாகவே முன்வந்து தன் கப்பல்களை ஏறக்குறைய 15 கடல் மைல் தெற்கே திருப்பியது. கப்பல் கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த மாற்றத்துக்கு ஆகும் எரிபொருளும் நேரமும் ஒரு நெடுந்தூரப் பயணத்தில் மிகச் சிறிய பங்குதான். மற்ற நிறுவனங்களும் செய்யலாம், செய்ய வேண்டும். அரசு கட்டாயமாக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை, செம்பூர்

வீடு திரும்பிவிட்டோம். இந்தக் குறிப்புகளைப் படித்துவிட்டு மாதுங்காவிலிருந்தும் முலுண்டிலிருந்தும் நண்பர்கள் படகின் பெயரைக் கேட்கிறார்கள். தனியாகக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஆனால் படகோட்டிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பதால், பெயரைவிடக் கேள்விகளையே கொண்டுபோகச் சொல்கிறேன். தூரம் எவ்வளவு, கூட்டம் இருந்தால் என்ன செய்வீர்கள், காணாவிட்டால் என்ன தருவீர்கள் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். முடிந்தால் ஒருநாள் முன்னதாகப் போய்ப் படகுகள் திரும்பும் நேரத்தில் துறைமுகத்தில் நில்லுங்கள். பெரிய படகில் ஏறக் கூச்சப்பட வேண்டாம். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதுவே ஏற்றது. காலி நகரில் இலங்கைக் கடற்படையே திமிங்கலப் பயணங்கள் நடத்துகிறதா என்றும் அங்கே விசாரித்துப் பாருங்கள்.

பேரன் இப்போது எண்ணெய்த் திமிங்கலம் பார்க்க வேண்டும் என்கிறான். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளியே ஆழமான கடற்பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு வெகு அருகில் வருவதால், அங்கே நீலத் திமிங்கலம், எண்ணெய்த் திமிங்கலம் இரண்டையும் பார்க்க வாய்ப்பு உண்டு. மே மாத விடுமுறைக்காக அங்குள்ள படகுக்காரர்களுக்கு அதே கேள்விகளை இன்று காலை அனுப்பியிருக்கிறேன். ஒருவர் உடனே பதில் எழுதினார்: மிக அருகில் காட்டுவோம் என்று. அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, மற்றவர்களின் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.